சுவரின் நிறம் எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கிப் புகைப்படக்காரர் யெனெர் டோருன் இஸ்தான்புல்லில் எடுத்த கட்டடப் படங்களை இணையத்தில் பார்த்தேன். பெரிய மஞ்சள் சுவர், ஒரே ஒரு ஜன்னல், ஓரமாக நடந்து போகிற ஓர் ஆள். அவ்வளவுதான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த ஆசையில் எங்கள் ஊரில் பளிச்சென்று பெயின்ட் அடித்த கல்யாண மண்டபம் ஒன்றைப் பகல் பன்னிரண்டு மணிக்கு போனில் எடுத்தேன். மஞ்சள் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்தது. சுவர் மேலே போகப் போகக் குறுகிவிட்டது. "அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிய கலர்" என்கிறார் நண்பர். அப்படித்தானா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. டிஜிட்டலில் திருத்தாத படம் என்று ஒன்று கிடையாது. உங்கள் போன் உங்களைக் கேட்காமலே ஒவ்வொரு படத்தையும் திருத்தித்தான் கையில் கொடுக்கிறது. மஞ்சள் வெளுத்ததே அதனால்தான். ஃப்ரேம் முழுக்க ஒரே நிறம் இருந்தால், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியப் போன் தானே நிறத்தைச் சரிசெய்வது) அதை வெளிச்சத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டு எதிர்நிறத்தைக் கலந்துவிடும். பெயின்ட் மாதிரி இல்லை, வெளிச்சத்தில் மஞ்சளோடு நீலம் கலந்தால் வெள்ளை, அதாவது சுண்ணாம்புதான். அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோடுக்குப் போய் ஒயிட் பேலன்ஸை 5200 முதல் 5500 கெல்வினுக்குள் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) ஓர் எண்ணில் நிறுத்தி வையுங்கள். அப்படியே எச்டிஆரையும் (வெளிச்சமும் நிழலும் இரண்டும் தெரியும்படி போன் கலந்து கொடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அது நிழலைத் தூக்கி வெளிறிய சாம்பலாக்கும். இந்த வகைப் படத்தில் நிழலும் சுவர் மாதிரியே ஒரு வண்ணக் கட்டம்; அது கெட்டியாக இருக்க வேண்டும்.

ஆனால் கேமரா அமைப்பைவிடப் பெரிய தவறு அந்தப் பன்னிரண்டு மணி. இஸ்தான்புல் 41 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சி வெயிலே அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தெற்குச் சுவரில் கிட்டத்தட்ட நேர் எதிரே விழும். ஈரோடு 11 டிகிரி. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே. வெளிச்சம் சுவரில் விழாமல் உரசிக்கொண்டு இறங்கும். பூச்சுவேலையின் மேடுபள்ளம், ஒட்டுப்போட்ட இடம், புட்டி தேய்த்த தடம் எல்லாம் தெரியும். சீரான நிறம் மட்டும் தெரியாது.

சன்ஷேடை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரிலிருந்து இரண்டடி நீட்டிய சன்ஷேட். எதிரே நிற்கும் சூரியன் 25 டிகிரியில் இருந்தால் அதன் நிழல் ஓரடிக்கும் குறைவு, 45 டிகிரியில் இரண்டடி, 70 டிகிரியில் ஐந்தரை அடி. அதாவது ஜன்னலோடு சேர்த்துப் பாதிச் சுவரை விழுங்கிவிடும். இஸ்தான்புல் குளிர்கால நண்பகலின் வெயில் உங்களுக்கு வேண்டுமென்றால், கிழக்குச் சுவருக்குக் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள், மேற்குச் சுவருக்கு மாலை மூன்றரையிலிருந்து நாலரைக்குள்.

சிவப்பு, ஆரஞ்சு சுவர்களில் வேறொரு தொல்லை உண்டு. கேமரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களாகப் பதிகிறது; பச்சை, நீலச் சானல்களில் இடம் மிச்சம் இருக்கும்போதே சிவப்புச் சானல் மட்டும் நிரம்பி வழியும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒன்றும் ஆகவில்லை என்றுதான் காட்டும். படத்தில் பூச்சின் சொரசொரப்பு போய் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிய மாதிரி இருக்கும். மூன்று சானல்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். பிறகு எடிட் செய்யும்போது சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) தொடாமல் அந்த நிறத்தின் லூமினன்ஸை (பிரகாசம்) மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் அரை ஸ்டாப் குறைத்து எடுத்தவர்கள் செய்ததும் இதுதான்: இருண்ட நிறம் அடர்த்தியாகத் தெரியும். சாச்சுரேஷனை ஏற்றி எடுத்த படத்துக்குத்தான் உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு பொருந்தும்.

சுவர் குறுகியது கேமராவை அண்ணாந்து பிடித்ததால். டோருன் கட்டடக்கலை படித்தவர். அவருடைய படங்கள் பல, நம் ஊர் மேஸ்திரி சொல்லும் அதே எலிவேஷன்தான்: சுவருக்கு நேர் எதிரே, சாய்வில்லாமல். அல்ட்ரா வைட் லென்ஸை மறந்துவிட்டு 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸுக்கு மாறித் தூரப் போங்கள். எதிர்வீட்டு முதல் மாடி கிடைத்தால் இன்னும் நல்லது, சுவரின் பாதி உயரத்துக்கு வந்துவிடுவீர்கள். கிடைக்காவிட்டால் போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிட்டு, கீழே வரும் ரோட்டை வெட்டிவிடலாம். மென்பொருளில் நிமிர்த்துவது கடைசி வழி. அதற்குச் சுற்றிலும் 15 சதவீதம் இடம் விட்டு எடுக்க வேண்டும், இழுபடும் மேல்பகுதி கொஞ்சம் மங்கும். தனி கேமரா என்றால் லென்ஸ் துளை எஃப்/8 போதும் (எண் கூடினால் துளை சிறிதாகும்). எஃப்/16க்குப் போனால் சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வெறும் சுவரில் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

வானத்தை அடர்த்தியாக்க லென்ஸின் முன் போலரைசர் ஃபில்டர் மாட்டலாம் என்பார்கள். எல்லா இடத்துக்கும் அது சரிவராது. ஸ்பெயினில் கால்பே கடற்கரையில் கட்டடக்கலைஞர் ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்து 1973இல் கட்டி முடித்த லா முரால்யா ரோஹா குடியிருப்பு இந்த வகைப் படக்காரர்களின் கோயில். வெளிச்சுவர் சிவப்பு, உள்முற்றமும் படிக்கட்டும் நீலம், கருநீலம், ஊதா. நீலச் சுவர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மயங்குவதுதான் அங்கே அழகு. போலரைசரைத் திருப்பி வானத்தைக் கறுக்கவிட்டால் அந்த மயக்கம் கலைந்துபோகும். வைட் லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் தொலைக்கும், அது வேறு.

ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் சிவப்புக் குடையோடு ஒருவரை நிறுத்துவது இப்போது சலித்துவிட்டது. சுவரின் கோடு எங்கே திரும்புகிறதோ அங்கே, சுவரின் நிறத்திலேயே சட்டை போட்ட ஆளை நிறுத்திப் பாருங்கள். நடக்கிறவர் என்றால் ஷட்டர் வேகம் 1/500 நொடி.

மண்டபத்தின் முகப்பு எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. தெற்கு என்றால் டிசம்பர் நண்பகலுக்குக் காத்திருங்கள், சூரியன் 55 டிகிரிக்கு இறங்கியிருக்கும். வடக்கு என்றால் வெயில் என்றைக்கும் நேர் எதிரே விழாது, விழுந்தாலும் உரசிக்கொண்டுதான். மேகம் மூடிய நாளில் போய், வெள்ளை வானம் துளியும் வராமல் சுவரை மட்டும் எடுங்கள்.