பாரிஸில் பாடம் சொன்ன இசையமைப்பாளர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளர் செசார் ஃப்ராங்கின் வயலின் சொனாட்டாவைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். வருத்தமே மிஞ்சியது. அவ்வளவு பெரிய கலைஞர் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தமக்காக எழுதிவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் பாரிஸில் வீடு வீடாகவும் பள்ளி பள்ளியாகவும் அலைந்து பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். நானும் கோவையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள். கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்வதிலேயே நாள் போய்விடுகிறது. சொந்தமாக எழுதுவது எப்போதோ நின்றுபோனது. 19ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் இசை இயற்றத் தெரிந்தவர்கள் ஏன் பாடம் சொல்லிப் பிழைக்க வேண்டியிருந்தது? அந்த நேரமெல்லாம் இசைக்கு நஷ்டம்தானே? அவர்களில் பெண்கள் யாரேனும் இருந்தார்களா? நான் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மா., கோவை

அன்புள்ள மா. அவர்களுக்கு,

தங்களுடைய முதல் கேள்விக்கான விடை ஓப்பராவில், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தில், இருக்கிறது. அன்றைய பாரிஸில் இசை இயற்றுபவருக்குப் பணமும் பெயரும் ஒருங்கே கிடைத்த இடம் ஓப்பரா மேடை ஒன்றுதான். 1795இல் நிறுவப்பட்ட அரசு இசைக் கல்லூரியான கொன்செர்வத்துவாரும், அதன் மாணவர்கள் உயிரைக் கொடுத்துப் போட்டியிட்ட ரோம் பரிசும் அந்த மேடையை நோக்கியே அமைந்திருந்தன. அந்தப் பரிசின் இறுதிச் சுற்றில் போட்டியாளர்கள் எழுத வேண்டியிருந்தது ஒரு நாடகக் காட்சியைப் போன்ற கன்டாட்டா. சிம்ஃபனி எழுத விரும்பியவருக்கோ, நான்கைந்து வாத்தியங்களுக்கான சேம்பர் மியூசிக் எழுத விரும்பியவருக்கோ வாசல்கள் மிகக் குறைவு. 1828இல் இசைக்குழு நடத்துநர் ஆபெனெக் தொடங்கிய கல்லூரிக் கச்சேரிச் சங்கம் பீத்தோவனைப் பாரிஸுக்கு அறிமுகப்படுத்திய பெருமைக்குரியது என்றாலும், உயிரோடிருந்த பிரெஞ்சுக்காரர்களின் புதிய சிம்ஃபனிகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. மறுபக்கம், நடுத்தர வர்க்கத்து வீடுகளில் எரார், ப்ளேயெல் பியானோக்கள் வந்து நிறைந்தன. வீட்டுப் பெண்கள் பியானோ வாசிக்கத் தெரிந்தவர்களாக இருப்பது குடும்ப கௌரவம் ஆயிற்று. ஓப்பராவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த வீடுகளே சோறு போட்டன.

இதில் இழிவு எதுவும் இருந்ததாக அக்காலத்தவர் நினைக்கவில்லை. ஷோப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1831இல் பாரிஸுக்கு வந்த அவர், வாழ்நாள் முழுவதற்குமாகச் சேர்த்தும் ஏறத்தாழ 30 பொதுக் கச்சேரிகளே செய்தவர். அவருடைய வருமானத்தின் பெரும் பகுதி பாடம் சொல்வதிலிருந்தே வந்தது. ஒரு பாடத்துக்கு 20 பிராங்க்; மாணவிகள் அதைக் கையில் கொடுக்காமல் கணப்படுப்பின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். நாளொன்றுக்கு நான்கைந்து பாடங்கள் சொன்ன அந்த ஷோப்பனைப் பற்றி, ஐயோ, நேரத்தை வீணாக்கினாரே என்று யாரும் இரங்குவதில்லை. ஃப்ராங்கைப் பற்றி மட்டும் ஏன் இரங்குகிறோம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் தங்கள் மூன்றாவது கேள்வி. பெண்கள் இருந்தார்கள், லூயிஸ் ஃபாரெங்க் என்ற ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃப்ராங்குக்கும் அவருக்கும் ஆசான் ஒருவரே. பிராகில் பிறந்து, பான் நகர அரண்மனை இசைக்குழுவில் இளம் பீத்தோவனோடு சேர்ந்து வாசித்து, 1808இல் பாரிஸில் குடியேறிய அந்துவான் ரைக்காதான் அவர். 1818இல் கல்லூரியில் கவுண்டர்பாயிண்ட், அதாவது பல குரல்களை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் கலைக்குப் பேராசிரியரானார். பெர்லியோஸ், லிஸ்ட், கூனோ என்று அவரிடம் படித்த இசையமைப்பாளர்களின் வரிசை நீளமானது. எந்த ஆசிரியரையும் எளிதில் புகழாத பெர்லியோஸ், ரைக்கா ஒரு விதியைச் சொன்னால் அதற்கான காரணத்தையும் முடிந்தவரை சொல்லுவார் என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்பதோடு பாடம் முடிந்துவிடும் ஒரு கல்லூரியில் இது பெரிய விஷயம். ஃப்ராங்கை அவருடைய தந்தை ரைக்காவிடம் அனுப்பியது 1835இல். மறு ஆண்டே ரைக்கா காலமானார். அந்தச் சில மாதப் பாடங்களின் தடம் ஃப்ராங்கின் ஃப்யூக்குகளில் (ஒரே கருத்தைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் உருப்படிகளில்) கடைசி வரை இருந்தது என்பது என் எண்ணம்.

ஃபாரெங்க் 1804இல் பாரிஸில், சிற்பிகளின் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் ரைக்காவிடம் தனியாகத்தான் படிக்க முடிந்தது. ஏனெனில் கல்லூரியின் இயற்றல் வகுப்பில் அன்று பெண்களுக்கு இடமில்லை. அப்படிக் கதவடைத்த கல்லூரியே 1842இல் அவரைப் பியானோ பேராசிரியராக நியமித்தது என்றாலும், அவர் பாடம் சொல்ல முடிந்தது பெண்கள் வகுப்புக்கு மட்டுமே. அவர் எழுதிய 30 பயிற்சி உருப்படிகளைக் (ஓபஸ் 26, அதாவது படைப்பு எண் 26) கல்லூரி தன் வகுப்புகளுக்குப் பாடமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவருக்குக் கொடுத்த சம்பளம் உடன் பணியாற்றிய ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. 1850இல் ஒன்பது வாத்தியங்களுக்கான அவருடைய நோனெட் அரங்கேறியது. இளம் வயலின் கலைஞர் யோவாக்கிம் அதில் வாசித்தார். பாரிஸ் அதைக் கொண்டாடியது. அந்த வெற்றி கையில் இருக்கும்போதே, ஆண் பேராசிரியர்களுக்கு நிகரான சம்பளம் தமக்கும் வேண்டும் என்று இயக்குநர் ஓபேருக்குக் கடிதம் எழுதி அதைப் பெற்றும்விட்டார். எட்டு ஆண்டுகள் பாடம் சொன்ன உழைப்பினால் கிடைக்காத நியாயம், ஓர் உருப்படியின் வெற்றியால் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அவர் எழுதிய மூன்று சிம்ஃபனிகளும் அவர் வாழ்ந்த காலத்தில் வாசிக்கப்பட்டன. மூன்றாவதை, ஜி மைனரில் அமைந்ததை, 1849இல் கல்லூரிக் கச்சேரிச் சங்கமே வாசித்தது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. அச்சேறாத சிம்ஃபனியை வேறு ஊர் இசைக்குழு எப்படி வாசிக்கும்? மகள் விக்தோரின் நல்ல பியானோ கலைஞராக வளர்ந்தவர். 1859இல், 33 வயதைக்கூடத் தொடாமல் இறந்துபோனார். அதன் பிறகு ஃபாரெங்க் புதிதாக இயற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். நிறுத்திய கை சும்மா இருக்கவில்லை. கணவர் அரிஸ்தீதுடன் சேர்ந்து, முந்தைய மூன்று நூற்றாண்டுகளின் கீபோர்டு இசையைத் திரட்டிப் பதிப்பிக்கும் வேலையை 1861இல் தொடங்கினார். 1865இல் கணவர் மறைந்த பின்பும் தனியாகவே அதைத் தொடர்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக முடித்தார். ஃப்ரெஸ்கோபால்தி, கூப்ரென், ஸ்கார்லாத்தி போன்ற பழையவர்களைத் தம் மாணவிகளை வாசிக்கவைத்துக் கச்சேரிகளும் நடத்தினார். பழைய இசையை ஏட்டிலிருந்து எடுத்து விரல்களுக்குக் கொண்டுவரும் வேலையில் அவர் முன்னோடி. 30 ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவருக்கே அந்த வேலையின் தேவை அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இனி ஃப்ராங்க். தங்கள் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம், விடியலில் எழுந்து இரண்டு மணி நேரம் எழுதிவிட்டுத் தெருத்தெருவாக நடந்து தேய்ந்துபோன அந்த மனிதரின் சித்திரம், பெரும்பாலும் அவருடைய மாணவர் வான்சான் டாண்டி 1906இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. அதில் பொய்யில்லாத விவரங்கள் நிறைய உண்டு. ஆனால் டாண்டி தம் ஆசானை ஒரு புனிதராகவே வரைய விரும்பினார். புனிதருக்குத் துன்பமும் புறக்கணிப்பும் தேவைப்பட்டன. 1890இல் ஃப்ராங்கின் இறுதிச் சடங்குக்குக் கல்லூரி யாரையும் அனுப்பவில்லை என்பது போன்ற கதைகள் அப்படித்தான் பரவின. கல்லூரியின் சார்பில் இசையமைப்பாளர் லியோ தெலீப் வந்திருந்தார். சான்-சான்ஸ், ஃபோரே, விடோர் ஆகிய இசையமைப்பாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஃப்ராங்கின் கையில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். 1838இல் கல்லூரியின் பியானோ போட்டியில், முன்பின் பார்த்திராத ஓர் உருப்படியை முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். 15 வயதுப் பையன், யாரும் கேட்காமலே, அதை எழுதியிருந்த சுருதியிலிருந்து ஒரு மூன்றாம் இடைவெளி கீழே இறக்கித் தடுமாற்றமில்லாமல் வாசித்து முடித்தான். விதிமுறையில் இதற்கு இடமில்லாததால் நடுவர்கள் திகைத்தார்கள். முதல் பரிசுக்கும் மேலாக ஒரு தனிப் பெரும்பரிசை அவனுக்காகவே ஏற்படுத்தினார்கள். இப்படிப்பட்டவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்கேல் சொல்லிக்கொடுத்தாரே என்று தாங்கள் வருந்துவது புரிகிறது. ஆனால் அந்தப் பள்ளிகளில் ஒன்று, வோஜிரார் என்ற இடத்தில் ஏசு சபையார் நடத்திய பள்ளி. அங்கே அவரிடம் பியானோ கற்ற பையன்களில் ஒருவர் ஆன்ரி துய்பார்க். பிரெஞ்சுத் தனிப்பாடல்களில் இன்றும் தலைசிறந்தவையாகப் பாடப்படும் சில பாடல்களை எழுதியவர் அவர். 1872 வாக்கில் டாண்டியை ஃப்ராங்கிடம் அழைத்து வந்தவரும் அவரே. டி மைனர் சிம்ஃபனியை எழுதி முடித்த ஃப்ராங்க் அதைக் காணிக்கையாக்கியதும் துய்பார்க்குக்குத்தான். வீணான பாடங்கள் என்று எவற்றைச் சொல்வது?

1872இல் ஃப்ராங்க் கல்லூரியின் ஆர்கன் பேராசிரியரானார். வாரம் மூன்று நாள் வகுப்பு. பெயர்தான் ஆர்கன் வகுப்பு. நேரத்தின் பெரும்பகுதி மனோதர்மத்துக்கே போயிற்று. தேவாலயப் பாடலுக்குத் துணை வாசிப்பது, கொடுத்த பல்லவியை வைத்து அந்த இடத்திலேயே ஃப்யூக் கட்டுவது, சுதந்திரமாக ஒரு கருத்தை வளர்ப்பது ஆகிய மூன்றும் தேர்விலேயே இருந்தன. தேர்வில் எழுதிவைத்த உருப்படி ஒன்றுதான். மாணவர் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருந்தால் "மாறு, மாறு" என்பாராம். நன்றாக இருந்தால் "எனக்குப் பிடித்திருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியம்தான் அவர் தரும் உச்சப் பாராட்டு. டாண்டி தம் பியானோ குவார்ட்டெட்டை முதன்முறை கொண்டுவந்து காட்டியபோது, நல்ல இடங்கள் சில உண்டு, ஆனால் உமக்கு ஒன்றும் தெரியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். டாண்டி அங்கேயே தங்கிவிட்டார். இயற்றல் வகுப்புகளை நடத்திய மற்றப் பேராசிரியர்களுக்கு இது எரிச்சலூட்டியது. ஏனெனில் இயற்றக் கற்க விரும்பியவர்கள் ஆர்கன் வகுப்புக்குப் போகத் தொடங்கினார்கள்.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். ஃப்ராங்க் என்று இன்று நாம் கேட்பதில் பெரும்பாலானவை அந்த வகுப்புக்குப் பிறகு எழுதப்பட்டவை: 1879இல் பியானோ குவின்டெட், 1884இல் ப்ரெலூட்-கோரால்-ஃப்யூக், 1886இல் வயலின் சொனாட்டா, 1888இல் சிம்ஃபனி, 1889இல் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், 1890இல் ஆர்கனுக்கான மூன்று கோரால்கள். 50 வயது வரை அவ்வப்போது எழுதியவர், பாடச் சுமை மிகுந்திருந்த ஆண்டுகளில்தான் பெருக்கெடுத்து எழுதினார். காரணம் இதுவென்றே நினைக்கிறேன்: எழுதி முடித்த பக்கத்தை எடுத்துப்போய் வாசித்துக்காட்ட, கூர்ந்து கேட்க, மறுநாள் அதைப் பற்றி வாதாட அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். 1871இல் தொடங்கிய தேசிய இசைச் சங்கத்தில் அவருடைய இசைக்காக நின்றவர்களும் அந்த மாணவர்களே. ஃபாரெங்குக்கு இல்லாதது இதுதான். அவருடைய மாணவிகள் சிறந்த பியானோ கலைஞர்களானார்கள். ஆனால் ஒரு சிம்ஃபனியை மேடையேற்றவோ அச்சேற்றவோ அன்றைய பாரிஸில் அந்தப் பெண்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. நஷ்டத்தை அங்கே தேடுங்கள். பாடம் சொன்ன மணிகளில் அது அதிகம் இல்லை.

ஃப்ராங்கின் வகுப்பைக் குறையற்றது என்றும் சொல்ல மாட்டேன். மனோதர்மத்தில் மூழ்கிய அவர், விரல், கால் பயிற்சியை ஓரளவு கைவிட்டார். அவருக்குப் பின் வந்த விடோர் முதல் வேலையாக அதைத்தான் சீர்செய்தார். நீதர்மேயர் பள்ளியில் 1861 முதல் நான்கு ஆண்டுகள் பாடம் சொன்ன சான்-சான்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் என்று தோன்றுகிறது: பாடத்திட்டப்படி பியானோ முடிந்த பிறகு, திட்டத்தில் இல்லாத ஷூமனையும் லிஸ்ட்டையும் வாக்னரையும் மாணவர்களுக்கு வாசித்துக்காட்டுவார். கேட்டுக்கொண்டிருந்த சிறுவர்களில் ஒருவர் ஃபோரே. அந்த ஃபோரேயிடம் பின்னாளில் ராவெல் படித்தார்.

தங்கள் சொந்த எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். எழுதுங்கள், எழுதியதைத் தங்கள் மாணவர்களில் மூத்தவர்கள் இரண்டு பேரிடமாவது வாசிக்கக் கொடுங்கள்.

கேட்கத் தொடங்க ஃபாரெங்கின் மூன்றாம் சிம்ஃபனியும் நோனெட்டும் நல்லவை. ஃப்ராங்கில் சொனாட்டாவைக் கேட்டாயிற்று. அடுத்து ப்ரெலூட்-கோரால்-ஃப்யூக்கைக் கேளுங்கள். வகுப்புக்கு ஃபாரெங்கின் எளிய பயிற்சி உருப்படிகள் (ஓபஸ் 50) உதவும். இன்னும் ஒன்று: ஃப்ராங்க் 1890இல், தம் கடைசி மாதங்களில், கிராமத்துத் தேவாலயங்களில் வாசிப்பவர்களை மனத்தில் வைத்து ஹார்மோனியத்துக்காகச் சின்னச் சின்ன உருப்படிகள் எழுதத் தொடங்கினார். சி முதலாக ஒவ்வொரு சுருதியாக ஏறிப் போகும் அந்த வரிசை முடிவதற்குள் இறந்துவிட்டார். எழுதியவரை பலவும் ஒரு பக்கத்துக்குள் முடிபவை, காலால் மிதிக்கும் பெடல் பலகை தேவைப்படாதவை; தங்கள் பிள்ளைகளின் கீபோர்டில் அப்படியே வாசிக்கலாம்.