பதினொரு மாதப் பத்தியம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினொரு வயதில் கனடா போய், ஸ்காபரோவில் வளர்ந்தவன். தென்கொரியாவில் ஆண்டோங் என்ற ஊரில், ஹாக்வோன் என்று இங்கே சொல்லும் தனியார் டியூஷன் நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இதற்கு முதல் இரண்டு வருடம் பூசானில் இருந்தேன். அந்த வேலை குடியிலேயே போய்விட்டது. கனடாவுக்குத் திரும்பிச் சிகிச்சை எடுத்து, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்களின் குழுவில் சேர்ந்து, மறுபடி இங்கே வந்து பதினொரு மாதம். குடியை விட்டு இன்றைக்கு 426 நாள்.

பத்தொன்பது வயதில் அண்ணன்மாரோடு பேஸ்மென்டில் தொடங்கிய பழக்கம். ஆனால் இந்த நாட்டில் விடுவது மகா கஷ்டம். எல்லாருமே குடிகாரச் சனம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகவேண்டும், ஹுவேசிக் என்று பெயர். முதல் ஹுவேசிக்கில் எங்கள் நிலையத்தை நடத்துகிற அம்மா எனக்கு சோஜு என்ற கொரியச் சாராயம் ஊற்ற வந்தபோது, 'ஹான்யாக் குடிக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். கொரிய நாட்டு மருந்து. அதோடு மது ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். பதினொரு மாதமாய் அதே பொய். எங்கள் குழுக் கூட்டம் ஞாயிறில் சியோலில், ரயிலில் இரண்டு மணித்தியாலம், இப்போது இரண்டு மாதமாய்ப் போகவில்லை, ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை அந்த அம்மா என் உடம்பை நினைத்துக் கவலைப்பட்டு ஒரு பெட்டி சிவப்பு ஜின்செங் வாங்கித் தந்தார். அறைக்கு வந்து அழுதேன். குழுவில் நேர்மைதான் முதல் பாடம். உண்மையைச் சொல்லிவிடவா? அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும். விசாவும் இந்த வேலையில்தான் தொங்குகிறது.

பெயர் போடவேண்டாம். ஆர். என்றால் போதும்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை கொல்லையில் குழாயடியில் மண்டியிருந்த கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். என் கூடப்பிறந்த தம்பி வந்திருந்தான். திண்ணையில் டீ குடித்துக்கொண்டே, "பிடுங்காதக்கா, யாருக்காவது ஆகும்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டு. "எல்லாருமே குடிகாரச் சனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்காபரோ பேஸ்மென்டில் பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் கொரியர்களா? நானும் அந்த நாட்டைப் பார்த்தவள்தான். 2019 அக்டோபரில் மகள் பிரசவத்துக்காக சுவோன் நகரத்தில் மூன்று மாதம் இருந்தேன். இரவு பால் வாங்கக் கீழே போனால் கடை வாசலில் பிளாஸ்டிக் மேசையைச் சுற்றி டை கட்டிய நாலு பேர், நடுவில் பச்சை பாட்டில்கள், ஒருவர் மேசையிலேயே கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். அதே தெருவில் ஞாயிறு காலை பைபிளோடு குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களையும் பார்த்தேன். அங்கே புராட்டஸ்டன்ட் சபைகளில் மதுவைத் தொடாமல் இருப்பது பெரிய ஒழுக்கம். அந்த வீடுகளும் கொரிய வீடுகள்தானே? ஒரு சனத்தையே குடிகாரர்கள் என்று சொல்வது நமக்கு வசதி. நாளைக்குக் கால் இடறினால் பழிபோட ஆள் தயாராக இருக்கிறது. அந்த வசதியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆண்டோங் சோஜுவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பத்தியை இங்கே வெட்டிவிட்டேன். குடியை விட்டு 426 நாள் ஆனவர் அதில் மது 45 சதவீதம் என்பதை அத்தனை ருசியாக எழுதக் கூடாது. அந்த ஊருக்கு வந்தது விதி என்று வேறு சொல்கிறீர்கள். காய்ச்சி வடிக்கும் வித்தை 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியரோடு கொரியாவுக்குள் வந்தது. வடகொரியாவின் கேசோங் பக்கத்தில் சோஜுவுக்கு அராக் என்றே பெயர் உண்டு. இலங்கையில் பாட்டிலில் அரக் என்று எழுதியிருக்கிறதே, அதுவும் இதே அரபுச் சொல்தான், வேர்வை என்று அர்த்தம். விதி என்றால் உங்களுக்குப் போக ஊரே கிடையாது.

ஒப்பந்தம், விசா சங்கதியெல்லாம் எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

இப்போது அந்த ஹான்யாக். ஹுவேசிக் மேசையில் செல்லுபடியாகும் சாக்குகள் மூன்று என்று என் மாப்பிள்ளை சொல்வார். மருந்து சாப்பிடுகிறேன். தேவாலயத்துக்குப் போகிறவன். வண்டி கொண்டுவந்திருக்கிறேன். 2019இல் ரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் வரம்பை 0.05இலிருந்து 0.03 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், அதனால் வண்டி விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை. ஆனால் ஒரு போன் போட்டால் கூலிக்கு ஓர் ஆள் வந்து உங்கள் வண்டியிலேயே உங்களை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆகவே மூன்றாவது சாக்கு கொஞ்சம் சோப்ளாங்கிதான்.

நம் ஊரைப் பாருங்கள். பத்தியத்தில் இருக்கிறேன். மாலை போட்டிருக்கிறேன். வண்டி ஓட்டணும், போலீஸ் ஊதச் சொல்வான். மருந்து, சாமி, போலீஸ். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி அதே மூன்று! இதில் ஒன்று குறுக்கே நின்றால் எந்தக் கொம்பனும் கிளாஸை நீட்ட மாட்டான். "எனக்கு வேண்டாம்" என்று ஒரு மனுஷன் தன் வாயால் சொன்னால் மட்டும் அது காதிலேயே ஏறாது. ஏன் வேண்டாம், எங்கள் மேல் கோபமா, பெரிய ஆளாகிவிட்டாயா, பெண்டாட்டிக்குப் பயமா, ஒரே ஒரு ரவுண்டு, எனக்காக. பதினெட்டு வருடமாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குடிக்கிறவனைப் பற்றி ஊரில் அத்தனை பேரும் பேசுகிறார்கள். மனவுறுதி இல்லை, வைராக்கியம் இல்லை என்கிறார்கள். ஊற்றுகிறவனைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? மாலை போட்டவன் எதிரே பாட்டிலை ஒளித்துவைத்து 'சாமி' என்று கும்பிடுகிற அதே கூட்டாளிகள், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே அவனுக்கு வாங்கித் தருகிறார்கள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தானே பாவம் என்று. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. உபசாரம். கொரியாவில் இரண்டு கையாலும் ஊற்றி, இரண்டு கையாலும் வாங்கவேண்டும். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்து ஆளின் கோப்பை காலியாக இருந்தால் கவனிக்காத குற்றம் உங்களுடையது. நம் பந்தியில் போதும் போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும் விரல் இடுக்கு வழியாகச் சோற்றை விடுகிற அத்தைகள் இல்லையா? அதே அன்புதான். வயிறு உங்களுடையது என்பது அந்த அன்புக்குத் தெரியாது.

2006. திண்டுக்கல்லில் எங்கள் சித்தி மகள் கல்யாணம். என் தம்பி மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். அப்போது அவன் குடியை விட்டு ஒன்பது மாதம். விட்டது அவன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். எங்களிடம் அவன் சொல்லியிருந்தது, "காமாலை வந்துடுச்சு, நாட்டு மருந்து சாப்பிடுறேன், பத்தியம்." காமாலை நிஜமாகவே வந்ததுதான், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததும் நான்தான். ஆனால் அது வந்து போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கீழாநெல்லியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பையனுடைய பெரியப்பா கீழே இறங்கி வந்து என்னிடம், "உங்க தம்பி தொடவே மாட்டேங்கிறாரும்மா, எங்க மேல ஏதும் வருத்தமா?" என்றார். சம்பந்தி வீட்டார் கேட்டுவிட்டார்களே என்று எனக்குப் பதறிவிட்டது. தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து நாலு பேர் காதில் விழச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "காமாலை எல்லாம் போய் ஆறு மாசமாச்சு. சும்மா கதை விடுறான். டேய், பெரியவர் இறங்கி வந்து கேக்குறாரு, ஒரு வாய் வச்சுட்டு வாயேன்டா."

அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, தம்பி. காமாலை போயிருந்தது. பெரியவர் கேட்டிருந்தார். உண்மையை மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த ஒன்பது மாதம் கிடைக்க அவனுக்கு நாலு வருடம் ஆனது. நடுவில் நடந்ததை எழுதப்போவதில்லை, அது அவன் பெண்டாட்டி சொல்ல வேண்டிய கதை. இப்போது நன்றாக இருக்கிறான். விரல் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை, சன்னக் கம்பி சுற்ற ஒரு பையனை வைத்திருக்கிறான். அந்த ராத்திரியைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கீழாநெல்லியைக் கண்டால் சிரிப்பான், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன கேட்டீர்கள்? சொல்லவா, விடவா. சொல்லாதீர்கள். உங்களுக்குத் தோன்றுகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், கடிதம் எழுதி உத்தரவு வாங்கிச் சொல்கிற விஷயம் இல்லை இது. உங்கள் ஏ.ஏ. குழுவின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது என்ன சொல்கிறது? தன் தவறுகளை ஒப்புக்கொள்ளவேண்டும், கடவுளிடம், தன்னிடம், இன்னொரு மனிதரிடம். ஒரே ஒரு மனிதர். அவர் சம்பளம் கொடுக்கிறவராக இருக்கவேண்டும் என்று அதில் இல்லை. 1935இல் அமெரிக்காவில் அக்ரன் நகரத்தில் தொடங்கிய அந்த அமைப்பின் பெயரிலேயே 'பெயர் தெரியாத' இருக்கிறது. நீங்களே ஆர். என்றுதானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? இறைச்சி வேகிற மேசையில், எல்லார் கையிலும் கோப்பை இருக்கிற நேரத்தில் வாக்குமூலம் கொடுக்க யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. அந்த அம்மா ஜின்செங் கொடுத்தது உங்கள் உடம்பு தேறவேண்டும் என்று. தேறத்தானே செய்கிறது? சாப்பிடுங்கள். ஆனால் பெட்டியில் இருப்பது வெறும் சாறுதானா என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள், ஜின்செங் ஊறப்போட்ட மதுவும் அந்த நாட்டில் விற்கிறது.

பொய் என்று நீங்கள் அழுதது ஹான்யாக்குக்காக. எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்தியது வேறு வரி. முதல் ஹுவேசிக்கையும் ஜின்செங்கையும் எழுதுகிறபோது நடுவில் செருகியிருக்கிறீர்கள்: "இப்போது இரண்டு மாதமாய்ப் போகவில்லை, ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறேன்." கொத்தமல்லிக் கட்டுக்குள் வாடினதை வைத்துக் கட்டுகிற மாதிரி. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவள், எனக்குக் கண்ணில் படாதா? டொரண்டோவில் இரவு எட்டு மணிக் கூட்டம் என்றால் உங்களுக்கு மறுநாள் காலை ஒன்பதோ பத்தோ. மதியம்தானே வகுப்பு தொடங்கும், தினமும் உட்காருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திரையில் உங்கள் கை நடுங்குவது தெரியாது. வாய் நாற்றம் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டால் ஆளே தெரியாது. என் தம்பி வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போவான். கடையில் வேலை இருக்கிறது என்று ஒரு வாரம் போகாவிட்டால் அவன் பெண்டாட்டி எனக்கு போன் போடுவாள். உங்களுக்கு அப்படி போன் போட அங்கே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லாததால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சாப்பாடு. ஒன்பதரைக்கு வகுப்பு முடிந்து ஓர் அறை வீட்டுக்கு நடக்கும்போது வழியில் திறந்திருப்பது குடிக்கிற கடைகளும் இருபத்துநாலு மணிநேரக் கடைகளும்தான். உங்கள் குழுவில் பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கையும் அண்டவிடாதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகளோடு ஏழு மணிநேரம் கத்திவிட்டு வருகிறவனுக்கு அந்த நேரத்தில் நான்கும் சேர்ந்தே வரும். மற்ற மூன்றுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. பசியை ஐந்து மணி இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள். ஒரு கிம்பாப், இரண்டு அவித்த முட்டை. பார்லித் தண்ணீரை பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

இந்த ஞாயிறு சியோலுக்கு டிக்கெட் எடுத்ததும் ஒரு வரி போடுங்கள். திங்கட்கிழமை வரை பார்ப்பேன்.

அக்கா