ஸ்பின் ஆகாத வாஷிங் மெஷின்: கியர்பாக்ஸ்தான் போய்விட்டதா?

கேள்வி: அண்ணே, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். நாலு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு 9 கிலோ டாப் லோட் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதமாக நன்றாகத் துவைக்கிறது, ஆனால் ஸ்பின் வரும்போது தடதடவென்று ஆடி நின்றுவிடுகிறது, அப்புறம் தானாகவே தண்ணீர் பிடித்து மறுபடி சுற்றுகிறது, கடைசியில் துணி சொட்டச் சொட்டத்தான் வருகிறது. பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக் கியர்பாக்ஸ் போய்விட்டது, 380 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார். பின்கட்டில் சிமெண்ட் போட்டு மெஷினை அங்கே மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை. செய்வதா, புதுசு வாங்குவதா?

பதில்: தம்பி, இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். விடை பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

தானாகத் தண்ணீர் பிடிப்பது கோளாறு இல்லை. துணியெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கித் தொட்டி ஆடும்போது, மெஷின் ஸ்பின்னை நிறுத்தி, தண்ணீர் விட்டுத் துணியைக் கலைத்துப் பரப்பி, மறுபடி முயன்று பார்க்கிறது. மோட்டாரின் சுழற்சியைத் துவைக்கவும் ஸ்பின்னுக்கும் ஏற்றபடி மாற்றித் தருவதுதான் கியர்பாக்ஸ். அது போயிருந்தால் துவைக்கும்போதே தெரிந்திருக்கும்: கரகரவென்று சத்தம் வரும், அடியில் எண்ணெய் கசியும், துவைக்கிற நேரத்தில் தொட்டியும் சேர்ந்து சுற்றும். உங்கள் மெஷின் நன்றாகத் துவைக்கிறது என்கிறீர்களே.

பின்கட்டுத் தரையைத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிற மாதிரி சரிவாகத்தான் போடுவார்கள், அதுதான் முதல் சந்தேகம். மெஷின் மேல் ஒரு தட்டில் பாதி தண்ணீர் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. அந்தக் காலைத் திருகி உயர்த்தி, நட்டை இறுக்கி, எதிர் எதிர் மூலைகளை அழுத்துங்கள். கொஞ்சமும் ஆடக்கூடாது. அட்டை மடித்து, பலகை சொருகிச் சமாளிக்க வேண்டாம், ஈரத்தில் சீக்கிரமே நசுங்கிவிடும்.

சமமாக வைத்தும் ஆடுகிறதா? காலித் தொட்டியைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது, குதித்துக்கொண்டே இருந்தால் தொட்டியைத் தாங்கும் நான்கு கம்பிகளும் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அப்படியும் கியர்பாக்ஸ் செலவு வராது.

அம்மா என்ன போடுகிறார் என்றும் கேளுங்கள். தடித்த போர்வை ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் அது தண்ணீர் குடித்து ஒரே பக்கம் உட்கார்ந்துவிடும், கூட இரண்டு மூன்று துண்டு போட்டால் பாரம் பரவும். செம்பனைத் தோட்டத்துக்குப் போட்டுப் போகிற மழைக்கோட்டு, பிளாஸ்டிக் மெத்தை உறை இதையெல்லாம் ஸ்பின்னில் போடவே கூடாது. உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல், வேகமாகச் சுற்றும்போது ஒரே பக்கம் சாய்ந்து மெஷினையே தூக்கிப் போட்டுவிடும். இதை மட்டும் அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் கழிவுக் குழாய். பம்ப் இல்லாத டாப் லோடில் தண்ணீர் தானாகத்தான் இறங்கும், குழாய் தரையோடு கிடக்க வேண்டும். புதுத் தரையின் கட்டு மேல் ஒரு சாண் ஏறியிருந்தாலே தண்ணீர் தேங்கும், தண்ணீர் இருக்கும்வரை மெஷின் ஸ்பின்னுக்குப் போகாது. இந்த வகை மெஷின் பலவற்றில் கழிவு வால்வைத் திறக்கிற அதே சின்ன மோட்டார்தான் பிரேக்கையும் விடுவித்து ஸ்பின்னுக்கு மாற்றுகிறது. நூலோ காசோ வால்வில் சிக்கினால், அல்லது அந்த மோட்டார் தளர்ந்தால், தண்ணீரும் இறங்காது, ஸ்பின்னும் ஆகாது. பார்க்கிறவர் அவசரத்தில் கியர்பாக்ஸ் என்று சொல்லிவிடலாம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்குங்கள், ஈரமான பின்கட்டு அது. பின் மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம், மோட்டார் ஓட உதவும் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் வாரண்டி அட்டையை எடுங்கள். மோட்டாருக்கு 10 வருடம் என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான், கூலி சேராது. புது மெஷின் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், நாலு வருடம் ஒரு வயதே இல்லை.

வேறொருவரை அழைத்தால் என்ன பழுது, பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நமது மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுது பார்ப்பதற்கும் பொருந்தும்: வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், முன்கூட்டியே விலை பேசாவிட்டாலும் நியாயமான தொகைக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அதற்கு ரசீது வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.