வலு இருக்கிறது, பிறகு ஏன் உடைகிறது?

கேள்வி: 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த டைட்டானியத்தில், லேசர் 3டி பிரின்டிங் முறையில் ஒரு பிராக்கெட் செய்தோம். இழுவைச் சோதனையில் 1,180 மெகாபாஸ்கல் தாங்கியது; நீட்சி, அதாவது உடையும் முன் நீண்ட அளவு, 5 சதவீதம். ஆனால் அதிர்வுச் சோதனையில் விரிசல் விடுகிறது. இன்னும் வலுவாக்குவது எப்படி?

பதில்: வலு உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுங்கள். இந்த வகைப் பாகங்களுக்கான ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்2924 தரம் கேட்பது 895 மெகாபாஸ்கல்தான். ஆனால் 10 சதவீத நீட்சியும் கேட்கிறது. அங்கேதான் நீங்கள் பாதியில் நிற்கிறீர்கள்.

லேசர் உருக்கிய உலோகம் நொடிக்குப் பல்லாயிரம் டிகிரி வேகத்தில் ஆறுகிறது. வனேடியம் அணுக்கள் இடம் பிரிந்து உட்கார நேரம் கிடைப்பதில்லை. ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக அமைப்பு உருவாகி வலு ஏறுகிறது, இழுபடும் தன்மை போய்விடுகிறது. கூடவே உள்தகைவும், அதாவது உலோகத்துக்குள்ளேயே அடைபட்ட விசையும், தேங்கிவிடுகிறது.

அதனால் பாகத்தை அச்சடித்த அடித்தட்டிலிருந்து அறுத்தெடுக்கும் முன்பே, வெற்றிட உலையிலோ ஆர்கானிலோ 800 டிகிரி செல்சியஸில் 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். ஊசிகள் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு படிக வகைகளின் மெல்லிய அடுக்குகளாகப் பிரியும். வலு 1,000 சொச்சத்துக்கு இறங்கும், நீட்சி வழக்கமாக 10 சதவீதத்தைத் தாண்டும். சாதாரணக் காற்று உலை மட்டும் வேண்டாம்; ஆக்சிஜன் ஏறி மேல்தோல் நொறுங்கும் ஓடாகிவிடும்.

அப்புறம், உடைந்த முகத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். விசிறி மடிப்பு போலக் கோடுகள் ஓரிடத்தில் வந்து கூடும். விரிசல் பிறந்த இடம் அதுதான். அங்கே ஒரு நுண்துளையோ சரியாக உருகாத பவுடர் மணியோ உள்ளே புதைந்திருந்தால், ஹிப் செய்யுங்கள், அதாவது சூட்டோடு எல்லாப் பக்கமும் வாயுவால் அழுத்துங்கள்: சுமார் 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தம், 2 மணி நேரம். துளை நசுங்கி ஒட்டிக்கொள்ளும். வெளியே வாய் திறந்த துளைக்கு இது உதவாது. வாயு அதற்குள்ளேயே புகுந்துவிடுமே.

கோடுகள் சொரசொரப்பான மேற்பரப்பில் போய் முடிந்தால், அந்த இடத்தை மெஷின் செய்து வழவழப்பாக்குங்கள். ஹிப்புக்குச் செலவழித்துவிட்டு மேற்பரப்பை அப்படியே விடுவது பாதி வேலைதான்.

ஒரு சந்தேகமும் உண்டு. பலமுறை பயன்படுத்திய பவுடரா அது? ஆக்சிஜன் கூடக்கூட வலு எண் அழகாக ஏறும், நீட்சி சத்தமில்லாமல் இறங்கும். அச்சடித்த பாகத்திலேயே ஆக்சிஜனை அளக்கச் சொல்லுங்கள். 0.20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் எந்த உலையும் அதை வெளியேற்றாது. புதுப் பவுடரில் மறுபடி அச்சடிக்க வேண்டியதுதான்.