கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளிகளில் காட்டுயிரியலும் சுற்றுச்சூழலும் நடத்த ஆன்லைனில் எவை உதவும்?

ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பிள்ளைகள், கையில் ஒரு புரொஜெக்டர், ஆசிரியரின் போன், மதியத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு வரும் நெட். வீடியோ போட்டால் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள்.

வீடியோ ஓடும் நேரத்தில் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் நிற்பதில்லை. தளங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி போதும்: உங்கள் ஊர்ப் பெயரை அடித்தால் அதில் ஏதாவது தரவு வருகிறதா? வந்தால் அது பாடத்துக்கு ஆகும். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் தெரிந்த பிள்ளைக்கு வாய்க்கால் கரையில் ஓடும் கீரியைத் தெரியாமல் போவது மனதுக்குக் கஷ்டமான விஷயம். அதைச் சரிசெய்யும் தளங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஈபேர்ட், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பட்டியலாகப் பதியும் தளம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது. ஆசிரியருக்கு ஒரு கணக்கு இருந்தால் போதும். 'எக்ஸ்ப்ளோர்' பக்கத்தில் மாவட்டப் பெயரை அடித்து 'பார் சார்ட்' என்ற பட்டை வரைபடத்தைத் திறந்தால், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வரி, மாதத்துக்கு நான்கு கட்டமாக ஆண்டு முழுக்க 48 கட்டங்கள் வரும். புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 'புதுச்சேரி' என்று யூனியன் பிரதேசத்தையே தேர்ந்தெடுத்துவிட்டால் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்து வரும். மாஹே கேரளக் கரையில் இருக்கிறது. அங்கத்திய பறவைகள் உங்கள் ஊர்ப் பட்டியலில் கலந்து, பிள்ளைகள் தப்பான முடிவுக்குப் போவார்கள். மாவட்ட அளவுக்கு இறங்கித் தேர்ந்தெடுங்கள்.

நான்கு பறவைகளின் வரிகளை மட்டும் எடுத்துக் கொடுங்கள்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, புள்ளிமூக்கு வாத்து, குயில். முதல் இரண்டும் வலசை வருபவை. மழைக்காலத்தோடு வந்து வெயில் ஏறும்போது போய்விடும். புள்ளிமூக்கு வாத்து இங்கேயே இருப்பது. எது விருந்தாளி, எது வீட்டுக்காரர் என்று வரியைப் பார்த்தே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பாடம் சூடு பிடிப்பது குயிலில். வெயில் காலத்தில் தடித்திருக்கும் பட்டை மழைக்காலத்தில் மெலிந்தால், 'குயிலும் வலசை போகிறது' என்று யாராவது சொல்வார்கள். அது ஊரை விட்டுப் போகவில்லை, கூவுவதை நிறுத்தியிருக்கிறது. கூவாத குயில் இலைக்குள் இருந்தால் யார் கண்ணிலும் படாது. 'இல்லை' என்பதும் 'தென்படவில்லை' என்பதும் வேறு என்ற விஷயத்தை, புதுச்சேரியின் மாநிலப் பறவையை வைத்தே சொல்லிவிடலாம்.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, பட்டையின் தடிமனைப் பறவைகளின் எண்ணிக்கை என்று நினைப்பது. பதிவான முழுப் பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் அந்தப் பறவை இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஊசுட்டேரியில் 2,000 வாத்து பார்த்த பட்டியலும் ஒரே ஒரு வாத்து பார்த்த பட்டியலும் அதில் ஒன்றுதான். அடுத்தது, ஒரு வாரத்துக்கு மூன்றே பட்டியல் இருந்து ஒன்றில் பறவை வந்தாலும் 33 சதவீதம் என்று பட்டை பெருத்துவிடும். பக்கத்தின் அடியில் தரவை இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அந்தக் கோப்பில் வாரவாரியாக எத்தனை பட்டியல் என்ற வரியும் இருக்கும். அதைப் பார்க்காமல் எந்த முடிவையும் எழுத விடாதீர்கள்.

பார்ப்பதோடு நிறுத்தாமல் தரவு கொடுக்கவும் வைக்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுதினால் போதும். 'எல்லா' என்பதில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். மீன்கொத்தியை எழுதுவார்கள், காக்கையையும் மைனாவையும் விட்டுவிடுவார்கள். கடைசியில் 'இது முழுப் பட்டியலா' என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் அந்த இடத்தில் காக்கையே இல்லை என்று பதிவாகிவிடும். குரல் கேட்டுப் பறவை சொல்லும் மெர்லின் செயலியை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் அது பெயர் சொன்னதாலேயே பட்டியலில் ஏற்றக் கூடாது. பறவையைக் கண்ணால் பார்த்தோ, குரலை நாமே அறிந்தோ உறுதி செய்த பிறகுதான்.

பறவைக் குரல் பதிவுகளுக்கு சீனோ-காண்டோ. 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் போட்டிருக்கும், 'ஏ' மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பதிவுடனும் ஒலிவரைபடம் வரும். குயிலின் கூவல் படி ஏறுவது போல மேலே போவதையும், செம்போத்தின் குரல் அடிமட்டத்திலேயே தங்குவதையும் கண்ணாலேயே காட்டலாம். களத்தில் இந்தப் பதிவுகளைப் போட்டுப் பறவையை அழைக்க வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அதற்கு இது வீண் தொல்லை.

செடி, பூச்சி, நண்டு என்று வரும்போது ஐநேச்சுரலிஸ்ட், படம் ஏற்றி உயிரினத்தின் பெயரைக் கண்டறியும் தளம். 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் கணக்கு தொடங்கக் கூடாது. சின்ன வகுப்புகளுக்கு அதே குழுவின் சீக் செயலி போதும், கணக்கே கேட்காது. பெரிய வகுப்பில் வரும் கோளாறுகள் எப்போதும் இவைதான்: தொட்டிச் செம்பருத்தியைக் காட்டுச்செடியாகப் பதிவது (வளர்ப்பு என்று குறிக்க வேண்டும்), கூகுளில் எடுத்த படத்தைத் தன் படம் என்று ஏற்றுவது (கணக்கையே முடக்கிவிடுவார்கள்), வீட்டு வாசலில் எடுத்த படத்தில் இருப்பிடம் அப்படியே தெரிவது. கடைசியானதற்கு இருப்பிடத்தை 'மறைக்கப்பட்டது' என்று மாற்றினால், சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டுமே வெளியே தெரியும். செயலி முதலில் சொல்லும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதும் நிறைய நடக்கிறது. ஒரு செடிக்கு முழுத்தோற்றம், இலை மேல்புறம், இலை அடிப்புறம், பூ அல்லது காய் என நான்கு படம் கேளுங்கள். இனம் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிற்பதே நேர்மை.

இதற்குப் பிச்சாவரம் போல இடம் கிடைக்காது. அங்குள்ள அலையாத்திக் காடு 2022-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வெண்கண்டலின் இலையை வெயிலில் திருப்பிப் பார்த்தால் உப்புப் பொடி மினுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும். சுரபுன்னை முட்டுவேர் ஊன்றி நிற்கும். ஒரே ஒரு மரத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்: தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம்தான். இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். உதிரும் முன் இலை சிவப்பாக மாறும், பிள்ளைகள் ஆசையாகப் பறிக்கப் போவது அதைத்தான். புறப்படும் முன்பே தில்லையின் படங்களை வகுப்பில் காட்டி, இதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஒரே ஒரு கருவிதான் கிடைக்கும் என்றால் கூகுள் எர்த் ப்ரோவைத்தான் எடுக்கச் சொல்வேன். கம்ப்யூட்டருக்கு இலவசம், கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரிசையாக வரும். புதுச்சேரித் துறைமுகத்தைத் திறங்கள். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பகுதியில் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வாடைக்காலத்தில் மட்டும் திசை மாறும். சுவர் குறுக்கே நின்றதும் வீராம்பட்டினம் பக்கம் மணல் தங்கியது, வடக்கே கடற்கரைச் சாலையிலிருந்து குருசுக்குப்பம் தாண்டி கரை அரித்துக்கொண்டே போனது. 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கடற்கரைச் சாலைக்கு முன்னால் மறுபடி மணல் சேர்ந்தது. மீனவக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் இதில் பாதியை அவளே சொல்லுவாள், சொல்ல விடுங்கள்.

அளக்கும் முறை இது. கரைக்கு அருகில் எல்லா ஆண்டுப் படங்களிலும் தெரியும் ஒரு கட்டட மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேல் கருவியில் மீட்டர் வைத்து, அங்கிருந்து ஈரமணலும் உலர்மணலும் பிரியும் கோடு வரை நேர்கிழக்கே அளந்து, தேதியோடு எழுதுங்கள். தெற்கே ஓர் இடம், வடக்கே ஓர் இடம். பிழை வரும் வழி மூன்று. படம் ஆண்டுக்கு ஆண்டு சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம், அதனால் கட்டட மூலையை ஒவ்வொரு படத்திலும் புதிதாகக் குறிக்க வேண்டும். மழைக்காலத்துப் படத்தையும் கோடைப் படத்தையும் ஒப்பிடக் கூடாது. மூன்றாவது கடல் ஏற்ற இறக்கம்: கரையின் சரிவு 15-க்கு 1 என்றால் அரை மீட்டர் நீர்மட்டம் ஏறினாலே கோடு ஏழரை மீட்டர் உள்ளே வந்துவிடும். ஆகவே 10 மீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை அரிப்பு என்று எழுத வேண்டாம். கல் கொட்டிய இடத்தில் கோடு ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துக் கரை தப்பித்தது என்று எழுதும் பிள்ளையிடம், வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் அங்கே மணல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காற்று மாசுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து மணிவாரித் தரவை இறக்கலாம். புதுச்சேரியில் ஜவஹர் நகரில் நிலையம் இருக்கிறது. போகிக்கு ஒரு வாரம் முன்பிருந்து மாட்டுப் பொங்கல் வரை பிஎம் 2.5 (மிக நுண்ணிய தூசி) அளவை எடுத்து, விடியற்காலை 4 முதல் 8 மணி வரையுள்ள மதிப்புகளை நாள்வாரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். விடியலில் காற்று அசையாததால் மற்ற நாட்களிலும் மதிப்பு கொஞ்சம் ஏறும், அதற்குத்தான் அதே மணி நேரம். தரவு இல்லாத கட்டத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால் சராசரி கெட்டுவிடும், காலியாகவே விடுங்கள். தனியார் செயலிகள் பல அமெரிக்கக் குறியீட்டில் காட்டுகின்றன. 60 மைக்ரோகிராம் என்பது இந்தியக் குறியீட்டில் 100, அமெரிக்கக் குறியீட்டில் 150-க்கும் மேல். இரண்டையும் கலந்தால் வகுப்பே குழம்பும்.

புலிகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்பார்கள். அதை வகுப்பிலேயே செய்து காட்டலாம்: ஒரு வாளியில் புளியங்கொட்டை, எண்ணிக்கை சொல்லாமல். 40-ஐ எடுத்து நகப்பாலிஷ் வைத்து, நன்றாகக் காயவிட்டு (ஈரமாகப் போட்டால் ஒட்டிக்கொள்ளும்) கலந்துவிடுங்கள். மறுபடி 50 அள்ளினால் அதில் 8 குறியிட்டவை வந்தன என்று வையுங்கள்: 40 × 50 ÷ 8 = 250. குறி கிடைத்தது குறைவாக இருக்கும்போது இந்தக் கணக்கு கூட்டிச் சொல்லும். அதற்கான திருத்தம் 41 × 51 ÷ 9, அதில் ஒன்று கழித்தால் 231. பிறகு வாளியைக் கொட்டி எண்ணட்டும். புலிக்கு நகப்பாலிஷ் தேவையில்லை, ஒவ்வொன்றின் வரியும் தனி என்பதால் தானியங்கி கேமரா படமே குறி. இந்த அடிப்படையை விரித்துக் கட்டிய முறையில்தான் 2022 கணக்கெடுப்பு இந்தியாவில் 3,682 என்று மதிப்பிட்டது. இயற்கைத் தேர்வுக்கு, திரையில் அறிவியல் சோதனைகளைச் செய்துபார்க்கும் ஃபெட் தளத்தின் முயல்–ஓநாய் மாதிரி நன்றாக இருக்கிறது, ஆசிரியர்கள் தாங்கள் ஆழமாகப் படிக்க ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் காட்டுயிர் பாடங்கள் இருக்கின்றன. இந்தியச் செடி, பூச்சி விவரங்களுக்கு இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல். அதை உருவாக்கியவர்களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் உண்டு.

நெட் பிரச்சினைக்கு: பட்டை வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட்டாகவும், குரல்களை எம்பி3-யாகவும், ஃபெட் மாதிரியைக் கோப்பாகவும் காலையிலேயே இறக்கி பென்டிரைவில் வையுங்கள். கூகுள் எர்த்தில் வேண்டிய ஆண்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படமாகச் சேமித்து, ஸ்கேல் கோட்டையும் அந்தப் படத்திலேயே வரும்படி செய்துவிட்டால், பிள்ளைகள் அச்சடித்த தாளில் அடிக்கோல் வைத்தே அளந்துவிடலாம்.