‘நல்லா இருந்துச்சு’ என்றால் என்ன அர்த்தம்?

கே: ஒன்பது வயது மகள் ஒரு சிறார் நாவலை ஒரே மூச்சில் முடித்தாள். எப்படி இருந்தது என்றால் ‘நல்லா இருந்துச்சு’வோடு சரி. புரிந்துதான் படிக்கிறாளா?

ப: ஒரே மூச்சில் முடித்தாளே, அப்புறம் என்ன! ‘எப்படி இருந்தது’ என்பது பிள்ளைகள் காதில் பரீட்சைக் கேள்வியாகத்தான் விழும், பதிலும் அதற்கேற்ற ஒற்றை வரியாகத்தான் வரும். அவர்கள் கருத்து வேறு வழியில் வெளியே வரும். சாப்பிடும்போது திடீரென்று ‘அந்தப் பூனைக்கு இனிமே யாரு பால் ஊத்துவாங்க?’ என்பார்கள், கதையில் வரும் வில்லன் பெயரைத் தம்பிக்கு வைப்பார்கள், பிடித்த அத்தியாயத்தை மறுபடி மறுபடி எடுப்பார்கள், வர்ணனை நீண்டால் கூசாமல் தாண்டிப் போவார்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் ‘யார் மேல கோபம் வந்துச்சு?’ என்று கேளுங்கள். ‘என்ன நீதி கற்றுக்கொண்டாய்’ மட்டும் வேண்டாம், புண்ணியமாய்ப் போகும்.

கே: பிள்ளைகள் எழுதும் கடிதங்களை எழுத்தாளர்கள் உண்மையிலேயே பொருட்படுத்துகிறார்களா?

ப: ‘ஆஸ்’ என்ற மாய நாட்டுக் கதைகளை எழுதிய அமெரிக்கர் ஃபிராங்க் பாமைக் கேட்டால் தெரியும். கடிதங்களில் குழந்தைகள் சொன்ன யோசனைகளைக் கதையில் சேர்த்துக்கொண்டே வந்தவர், ‘பாமும் அவருக்குக் கடிதம் எழுதுகிறவர்களும்’ என்றே ஆசிரியர் பெயரைப் போடலாம் என்று 1910இல் வந்த ஆறாவது புத்தகத்தின் முன்னுரையில் எழுதினார். அதே புத்தகத்தில், ஆஸ் நாடு வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது, இனி சேதி வராது என்று தொடருக்கு முற்றுப்புள்ளியும் வைத்தார். குழந்தைகள் விடுவார்களா? கம்பியில்லாத் தந்தியில் பேசினால் என்ன என்று ஒரு குழந்தை மடக்க, 1913இல் அதையே சாக்காகச் சொல்லி ஏழாவது புத்தகத்தோடு திரும்பி வந்தார். (இடையில் அவர் திவாலாகியிருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் பெவர்லி கிளியரிக்கு இரண்டு சிறுவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே வேண்டுகோளை எழுதினார்கள்: அப்பா அம்மா பிரிந்துபோன ஒரு பையனைப் பற்றி எழுதுங்கள். அதிலிருந்து வந்ததுதான் 1983இல் வெளியாகி மறு வருடம் அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கிய ‘டியர் மிஸ்டர் ஹென்ஷா’. ஓர் எழுத்தாளருக்குப் பையன் எழுதும் கடிதங்களாகவே தொடங்கும் கதை. பள்ளியில் சொன்னார்களே என்று அவன் ஒரு கேள்விப் பட்டியலை அனுப்ப, எழுத்தாளர் பதிலுக்குத் தன் பங்குக்கு ஒரு பட்டியலை அனுப்பிவிடுகிறார். வீட்டுப்பாடக் கடிதத்துக்கும் மனசிலிருந்து எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் எழுத்தாளர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கே: முடிவில் நாய் செத்துப்போவதால் என் பையன் புத்தகத்தையே தூக்கி எறிந்துவிட்டான். சோகக் கதைகளைத் தவிர்க்கலாமா?

ப: எறிகிற அளவுக்கு நாயோடு பழகியிருக்கிறான், எழுதியவருக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைக்காது. வேண்டுமானால் முடிவை அவனே மாற்றி எழுதட்டும். நூலகத்துப் புத்தகம் என்றால் மட்டும் அட்டை பிய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.