டாக்டர் பதில்கள்: நீர் மாத்திரைக்கு மசியாத வீக்கம்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம் என்றார்கள். நீர் மாத்திரை காலையில் ஒன்று, மதியம் ஒன்று போடுகிறார். ஆனாலும் ஒரு மாதமாகக் கால் வீக்கம் வடியவில்லை. இரவில் மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது. மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டதா? நாங்களே டோஸைக் கூட்டலாமா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: நீங்களாகக் கூட்ட வேண்டாம் அம்மா. மூன்று தலையணை என்று எழுதியிருக்கிறீர்களே, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நுரையீரலிலும் நீர் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு அது ஒன்று போதும்; இதழ் கைக்கு வந்ததும் அவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள். மீதிப் பதிலை பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் பஸ்ஸும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன். போன மழைக்காலத்தில் உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தருமபுரியில் என் கிளினிக்குக்கு வந்தார். இதே கதைதான். ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையை 40 மில்லிகிராமிலிருந்து 80 ஆக்கி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒன்றரைக் கிலோ கூடி வந்து நின்றார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால், களியில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றது. அவர் மனைவியிடம் கட்டைப்பையை மேஜையில் கொட்டச் சொன்னேன். நான் எழுதாத காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது. உள்ளே ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு கேப்சூல். "அது முட்டி வலிக்குங்க, மெடிக்கல்ல கேட்டு வாங்கினது. வேளைக்கு ஒரு செட்டு." மஞ்சள் மாத்திரை டைக்ளோஃபெனாக். முதல் தடவையே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். வலி மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் மாத்திரை ஒரு பக்கம் இறைக்க, இவை இன்னொரு பக்கம் ஊற்றும். நம் மாவட்டத்தில் இந்தத் தொல்லை அதிகம் என்பது என் அனுபவம். ஒகேனக்கல் தண்ணீர் வரும் முன்பு பல வருடம் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரைக் குடித்த தலைமுறை இது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதைத் தாண்டிய ஊர்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறைய. எலும்பில் இறங்கிய ஃபுளோரைடு தண்ணீரை மாற்றியதும் போய்விடாது. முட்டியும் இடுப்பும் வலிக்கத்தான் செய்யும். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, ஒத்தடம் என்று போகலாம். தண்ணீரில் போட்டால் நுரைக்கிற பாராசிட்டமால் மட்டும் வேண்டாம், அதில் சோடியம், அதாவது உப்புச் சத்து, அதிகம். அந்தப் பெரியவருக்குப் பொட்டலத்தை நிறுத்தி அதே 80-ஐத் தொடர்ந்தோம். பத்து நாளில் நாலு கிலோ இறங்கியது. அவர் மனைவி பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கத்தில் தினமும் எடை எழுதி வந்து காட்டினார்.

நீங்களும் எழுதுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர்.

பையில் இன்னும் சிலவற்றைத் தேடச் சொல்வேன். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன் நீரைக் கோக்க வைக்கும். நரம்பு வலிக்குத் தரும் பிரிகேபலினும் கால் வீக்கம் தரும். பிரஷருக்கான அம்லோடிபினால் வரும் வீக்கம் நீர் மாத்திரைக்கு லேசில் அடங்காது. எதையும் நீங்களே நிறுத்தாதீர்கள், காட்டிக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு சமாச்சாரம், ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

இன்னொன்றும் மாமனாரிடம் மெதுவாகக் கேளுங்கள்: வெளியூர் போகிற நாளில் மாத்திரை போடுகிறாரா? டவுன் பஸ்ஸில் ஒன்றுக்கு வந்தால் எங்கே இறங்குவது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விட வேண்டாம், திரும்பி வந்து போட்டுக்கொள்ளட்டும்.

இனி "பழகிவிட்டதா?" ஃபுரோசமைடு வேலை செய்வது ஆறு மணி நேரம்தான். அது அடங்கியதும் சிறுநீரகம் விட்ட உப்பைத் திரும்பப் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து ஊறுகாயோடு சாப்பிட்டால் காலையில் போனது சாயங்காலம் வந்துவிடும். பல மாதம் போட்டால், மேல் மடையில் மருந்து திறந்துவிடும் உப்பைக் கீழ் வயல்காரன் வரப்புக் கட்டிப் பிடிப்பதுபோல, சிறுநீரகக் குழாயின் பின்பகுதி தடித்துப்போய் உறிஞ்சத் தொடங்கும். நீங்கள் சொல்லும் பழக்கம் இதுதான். அதற்குத்தான் அந்தப் பின்பகுதியில் வேலை செய்யும் மெட்டோலசோன் போல இரண்டாவது நீர் மருந்தைச் சேர்ப்பது. நல்ல பலன் தரும், ஆனால் முரட்டு மருந்து. பொட்டாசியமும் சோடியமும் சடாரென்று இறங்கும். இரண்டு மூன்று நாளில் ரத்தப் பரிசோதனை எடுக்க முடியாதவருக்கு நான் எழுதுவதில்லை.

கேள்வி: என் அண்ணனுக்கும் இதே தொல்லை. அட்மிட் செய்து ஊசியாகப் போட வேண்டும் என்கிறார்கள். மாத்திரையில் இருப்பதும் அதே மருந்துதானே?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மருந்து அதேதான், பாதை வேறு. கால் வீங்கும்போது குடலும் வீங்குகிறது. வீங்கிய குடலில் மாத்திரை கரைந்து ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். நம் ஊரில் வோல்டேஜ் குறைந்தால் போர் மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. பாதி வோல்டேஜை இரண்டு தடவை கொடுத்தாலும் ஏறாது. இந்த மருந்தும் அப்படி. ஓர் அளவைத் தாண்டினால்தான் வேலை. ஊசி அந்த அளவுக்குச் சட்டென்று ஏற்றிவிடும். போட்டு இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் சோடியம் பார்த்து, குறைவாக இருந்தால் அன்றைக்கே டோஸைக் கூட்டலாம். அதை வீட்டில் செய்ய முடியாது.

டிரிப்பாகப் போட்டால்தான் நல்லது என்று யாராவது சொல்லியிருந்தால், அதற்காகச் சண்டை போடாதீர்கள். 2011-ல் 308 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், விட்டுவிட்டுப் போடும் ஊசிக்கும் தொடர்ந்து ஏற்றும் டிரிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிஸ்சார்ஜில் ஃபுரோசமைடிலிருந்து டார்செமைடு என்ற அதே வகை நீர் மாத்திரைக்கு மாற்றினால் மாற்றட்டும், அது குடலில் சீராகச் சேரும். ஆயுளைக் கூட்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2023-ல் வெளியான பெரிய ஆய்வில் இரண்டும் சமமாகத்தான் நின்றன.

கேள்வி: இதய நோயாளி சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு போடலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும் இளஞ்சிவப்பு, விலை மட்டும் அதிகம். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற இதய, பிரஷர் மருந்துகள் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும்; அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. சாதா உப்பே போடுங்கள், நாள் முழுவதுக்கும் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள். அடியோடு உப்பில்லாமல் சமைத்து, மனிதர் களியைத் தொடாமல் எழுந்து போகிற நிலைக்குக் கொண்டு போகாதீர்கள். கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், போன மாம்பழ சீசனில் போட்ட ஆவக்காய் ஜாடி — இவற்றை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.